வளாகத்துக்குப் பெயர் மட்டும் போதுமா?

ஐயா,

சென்னை நுங்கம்பாக்கத்தில் பள்ளிக்கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் கல்வி வளாகத்துக்கு, தி.மு.க. தலைவர்களில் ஒருவரான க.அன்பழகன் பெயரைச் சூட்டினார்கள். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த அவர், 1957இல் எழும்பூரில் நின்று வென்றார். தி.மு.க. சந்தித்த முதல் பொதுத்தேர்தல் அது. அப்புறம் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி, புரசைவாக்கம், அண்ணா நகர், துறைமுகம் என்று தொகுதிகள் மாறின. கல்வி, நிதி அமைச்சராகவும் இருந்தார். 2011இல் வில்லிவாக்கத்தில் தோற்றபோது வயது 88. அந்த வயதில் அவரைக் கட்சி தேர்தலில் நிறுத்தியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, வளாகத்துக்குப் பெயர் சூட்டியாயிற்று. அவருடைய சட்டமன்ற உரைகளையும் ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்க அங்கேயே வைக்கலாமே! நிதிநிலை அறிக்கை உரைகளிலிருந்து தொடங்கலாம்.

- வாசகர், சென்னை