இரகசிய இலக்கத்தைத் தமிழில் அனுப்புங்கள்

எங்கள் வங்கியின் கொழும்புத் தலைமை அலுவலகத்தாருக்கு,

வணக்கம். அம்மாவின் முறைப்பாட்டுக்கு நீங்கள் அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. கைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தை வாடிக்கையாளரே வெளியில் சொன்னதால் வங்கி பொறுப்பில்லை என்கிறது. ஆங்கிலக் கடிதம். நான்தான் வாசித்துச் சொன்னேன். அம்மாவின் கணக்கிலிருந்து 42,000 ரூபா போன விதம் உங்கள் கோப்பில் இருக்கிறது, திரும்ப எழுதவில்லை.

அம்மா இரகசியம் காக்கத் தெரியாதவர் இல்லை. அவருடைய ஏ.ரி.எம். கார்ட்டின் நான்கு இலக்கம் மகளான எனக்கே தெரியாது. மண்டூரிலிருந்து பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிக் களுவாஞ்சிகுடிக்குக் காசெடுக்கப் போனால், துணைக்குப் போகும் என்னையே "அங்கால நில்லு பிள்ள" என்பார். கார்ட் தந்த அன்று கிளையில் இருந்த ஒரு பிள்ளை தமிழில் விளங்கப்படுத்தியது: இது எங்களுக்கும் தெரியாது, மூன்று தரம் பிழைத்தால் கார்ட் பூட்டுப்படும், பெற்ற பிள்ளைக்கும் சொல்லாதீங்க. அதை அம்மா இன்றுவரை மீறவில்லை.

போனுக்கு வரும் ஆறு இலக்கத்தைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை. குறுஞ்செய்தியிலேயே எச்சரிக்கை இருக்கிறதாம். இருக்கிறது, ஆங்கிலத்தில். அம்மாவுக்கு எண் தெரியும், ஆங்கிலம் தெரியாது. உங்களிடமிருந்து எது வந்தாலும் சந்திக் கடைத் தம்பியிடம் போனை நீட்டி, "என்ன மனே போட்டிருக்கு?" என்று கேட்பதுதான் வழக்கம். எவரிடமும் காட்டாதே என்ற செய்தியை எவரிடமாவது காட்டித்தான் அவர் அறிய வேண்டும். பழக்கியது நீங்கள், பழி அம்மாவுக்கு.

அன்று அழைத்தவன் நல்ல தமிழில் கதைத்தான். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி எல்லாம் சரியாகச் சொன்னானாம். (பழைய அடையாள அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் 500 கூட்டியிருக்கும். அட்டை இலக்கம் கிடைத்தால் பிறந்த திகதியும் கிடைத்த மாதிரித்தான். நீங்களும் போனில் இவற்றைக் கேட்டுத்தானே ஆளை உறுதிப்படுத்துகிறீர்கள்!) "அம்மா, கார்ட் பூட்டுப்படப் போகுது. இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." வந்தது. சொன்னார். கள்ளன் தமிழில் கேட்டான், நீங்கள் ஆங்கிலத்தில் எச்சரித்தீர்கள்.

ஆகவே அந்தச் செய்தியைத் தமிழில் அனுப்புங்கள். முடியாத காரியமில்லை. நகை அடகு விளம்பரம் மட்டும் பிசகில்லாத தமிழில் மாதம் தவறாமல் வருகிறது. கடன்பட எங்களுக்குத் தமிழ் போதும், காசைக் காக்க ஆங்கிலம் வேண்டுமாக்கும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துக் கொள்ளும், தமிழில் 70தான், அதனால் செலவு கூடும் என்று கிளையில் சொன்னார்கள். புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தேன். கீழே உள்ளது, ஆறு இலக்கத்தையும் சேர்த்து, 57. தயவுசெய்து இதையே அனுப்புங்கள்:

"இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். வங்கியும் கேட்காது."

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்,
மண்டூர்.