முதல் டிராப் 20

அன்புள்ள செந்திலுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மூன்று சனிக்கிழமையாக ராத்திரி நீ போன் எடுக்கவில்லை. ரூமில் ஆறு பேர் ரம்மிக்கு உட்காருவதாகச் சரவணன் வாய்தவறிச் சொன்னான். அவனைத் திட்டாதே. நானும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆடுகிறாய் என்றால் ஒழுங்காகக் கற்றுக்கொள்.

13 சீட்டும் வந்ததும் முதலில் ஒரிஜினல் ரம்மி தேடு. ஒரே ஜாதியில் வரிசையாக, ஆட்டின் (ஹார்ட்ஸ்) 5, 6, 7 மாதிரி, ஜோக்கர் ஒட்டாமல். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சேர்ந்திருந்தாலும் தோற்றால் கைச்சீட்டு முழுவதையும் உன் மேல் பாயிண்டாக எண்ணுவார்கள். 7 கையில் இருந்தால் 5-6, 6-8, 8-9 என்று மூன்று வழியில் சேரும். ராஜாவுக்கு இரண்டே வழி, சேராவிட்டால் 10 பாயிண்ட். தனியாக நிற்கும் ராஜா ராணியைச் சீக்கிரம் கழித்துவிடு. கட் ஜோக்கர், அதாவது அந்த ஆட்டத்துக்கு ஜோக்கராக வெட்டி எடுத்த சீட்டு, 6 என்றால் 5, 7 போடுவதில் ஆபத்து குறைவு, 6-ஐ யாரும் ரம்மியில் வீணாக்க மாட்டார்கள். உனக்கு அடுத்த கை ஆட்டின் 8-ஐ எடுத்தால், ஆட்டினில் 6, 7, 9, 10 போடாதே.

ஒரிஜினலும் இல்லை, ஜோக்கரும் இல்லையா? சீட்டு எடுக்காமலே டிராப் சொல்லி அந்தக் கையிலிருந்து விலகிவிடு. உன் மேல் 20 பாயிண்ட் ஏறும். ஒன்று எடுத்துவிட்டு டிராப் என்றால் 40. பிடித்துக்கொண்டே இருந்தால் ஃபுல், 80. கணக்கில் 100 வாங்கினவன் நீ, போட்டுப் பார். 101 பாயிண்ட் சேர்ந்தால் வெளியே என்கிற 101 ஆட்டத்தில் ஐந்து முறை முதலிலேயே டிராப் செய்தாலும் 100தான், இன்னும் ஆட்டத்தில் இருப்பாய். ஒரு ஃபுல், ஒரு 40 சேர்ந்தால் வெளியே. அதனால் டிராப் செய்யக் கூச்சப்படாதே. நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டிராப் செய்.

செல்போனில் காசு கட்டி ஆடும் பக்கம் மட்டும் போகாதே. 2025-ல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நீ படித்தவன், தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் சனிக்கிழமை போன் எடுப்பதில்லை.

டிராப், டிராப் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? அந்த மாட்டுப்பொங்கல் ராத்திரி கையில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தும் எழுந்திருக்காமல் இருந்தேன். அம்மாவின் வளையல் தொலையவில்லை, செந்தில். அடகுக்குப் போனது, மீட்கவில்லை. ராஜாத்தி அக்கா மேல் பழி விழுந்து வேலையை விட்டுப் போனபோதும் நான் வாய் திறக்கவில்லை.

தீபாவளிக்கு வா. அம்மாவிடம் நானே சொல்கிறேன். அப்போது நீ பக்கத்தில் இரு.

அப்பா