போதகர் ஐயாவுக்கும் மூப்பர்மாருக்கும்: உபவாசத்துக்கு முன் ஒரு அறிவித்தல்

அன்புள்ள போதகர் ஐயாவுக்கும், மூப்பர்மாருக்கும், சபை நிர்வாகக் குழுவினருக்கும் ஸ்தோத்திரம்.

போன உபவாச ஜெபத்தின் மூன்றாம் நாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் அம்மா சீனி இறங்கிப் பாயில் சரிந்ததற்கும் ஓட்டோவில் ஏற்றியதற்கும் நடுவே போன கால் மணி நேரத்தை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. 16 வருடமாகச் சீனி வருத்தம். காலையில் கிளிக்கிளசைட் மாத்திரை போட்டால் கையோடு சாப்பிட வேண்டும். அன்று மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். மாத்திரை போடாவிட்டால் மகள் ஏசுவாள், சாப்பிட்டால் உபவாசம் முறியும். இரண்டு பக்கத்தையும் சமாளித்துவிட்டதாக அவருடைய நினைப்பு.

பதினொரு மணிபோல வியர்க்கத் தொடங்கியிருக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே இருந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கை நடுங்கியது, நாக்குக் குழறியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆவியில் நிறைந்து பேசும் அந்நிய பாஷை என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். பிறகு சரிந்து விழுந்தார். அபிஷேகத்தில் விழுந்தவர்களுக்குச் செய்வதுபோல ஒரு சகோதரி வெள்ளைத் துணி கொண்டுவந்து காலை மூடிவிட்டார். கீபோட் சத்தம் கூடியது. பிள்ளைகளின் அறையிலிருந்து நான் ஓடிவந்தபோது, "மகள், தொடாதீங்க, அவ அபிஷேகத்தில கிடக்கிறா" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். பிடித்தவர் யாரென்று எழுதமாட்டேன். அவருக்கு அம்மா மேல் என்னை விடக் குறைந்த பாசமில்லை.

சுகர் இறங்கியிருக்கிறது என்று மூன்று தரம் கத்தினேன். பாட்டு முடியும்வரை யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில், சபைக்கு எப்போதாவது வந்துபோகிற ஓட்டோக்காரத் தம்பி ஒருவர்தான் அம்மாவைத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது 34. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்துக் கணக்கு.

இரவு முழுக்க வார்ட்டில் வைத்திருந்தார்கள். இந்த மாத்திரை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைத் தள்ளி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், வயதானவர்களுக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பிலேயே நிற்கும், ஏற்றிய சீனி திரும்பவும் இறங்கலாம் என்று வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "ஏன் சாப்பிடாம இருந்தவ?" என்று கேட்டார். சேர்ச்சில உபவாசம் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. துண்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

மறுநாள் நீங்கள் நாலு பேர் பார்க்க வந்தீர்கள். ஜெபித்தீர்கள், அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல், அதற்கு நன்றி. கையில் இரண்டு போத்தல் நெக்டோ சோடாவும் கொண்டுவந்திருந்தீர்கள், முழுக்கச் சீனி. முந்தின நாள் வியர்த்து நடுங்கிய நேரத்தில் ஒரு கிளாஸ் சீனித்தண்ணி கொடுக்க ஆளில்லாத அம்மாவுக்கு.

இனி என் கேள்விக்கு வருகிறேன். போன உபவாசத்துக்கு முந்தின ஞாயிறு, அறிவித்தல் நேரத்தில் என்னென்ன சொல்லப்பட்டது? மோட்டார் சைக்கிளைப் பக்கத்து வளவின் கேற்றுக்கு முன்னால் விடவேண்டாம். போனை ஓஃப் பண்ணவும். பாய் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து. எல்லாம் தேவையான அறிவித்தல்தான். சுகர் மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவேண்டாம் என்ற ஒரு வசனம் மட்டும் அதில் இல்லை. நான் கேட்பது அந்த ஒரு வசனத்தைத்தான்.

விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். வேதத்தில் எசேக்கியா ராஜா வியாதியில் கிடந்து, அழுது ஜெபித்து 15 வருட ஆயுசு கூடக் கிடைத்தவர். அந்த வாக்குத்தத்தத்தைக் கொண்டுவந்த அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழத்து அடையை ராஜாவின் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னவர். ஜெபம் கேட்கப்பட்டாயிற்றே, அத்திப்பழம் எதற்கு என்று தீர்க்கதரிசி கேட்கவில்லை.

கிளினிக்கில் விடிய ஐந்தரைக்கு நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் இருக்கும்போது காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் உம்மா ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். நோன்பு வருவதற்கு முந்தின கிளினிக்கிலேயே, நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று டொக்டரிடம் கேட்டுவிடுவாராம். நோயாளிக்கு நோன்பில் விலக்கு இருக்கிறது என்பது அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது. எங்கள் சபையில் 71 வயது மனுஷி, சாப்பிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயப்படுகிறார்.

சுகம் பற்றிச் சபையில் பேசவே நேரமில்லை என்றும் சொல்லமுடியாது. ஜனவரியில் ஆராதனை முடிந்த கையோடு கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்கு ப்ரொஜெக்டரும் மைக்கும் நாற்பது நிமிடமும் கொடுக்கப்பட்டது. ஆரோக்கியக் கருத்தரங்கு என்று பெயர். குடலைக் கழுவும் பவுடர், டின் 6,500 ரூபாய். சுகர், பிறஷர், மூட்டுவலி என்று, கடன் தொல்லை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றார். கிளினிக் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம் என்றும் சொன்னார். முன் வரிசையில் இருந்த யாரும் எழுந்து அது பிழை என்று சொல்லவில்லை. பதினான்கு டின் விற்றது, எண்ணினேன். அன்று கைதட்டிய நீங்கள், அதே மைக்கில் இந்த ஒரு வசனத்தைச் சொல்ல ஏன் இன்னும் யோசிக்கிறீர்கள் என்றுதான் விளங்கவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தச் சபை இப்படிப்பட்டதல்ல என்று எனக்குத் தெரியும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, கிளினிக்கில் மருந்துத் துண்டை மட்டும் கையில் தந்து வெளியில் வாங்கச் சொன்ன நாட்களில், யாருக்கு எந்த மாத்திரை முடிந்துவிட்டது என்று வீடு வீடாகக் கேட்டு, ஃபார்மசி ஃபார்மசியாக அலைந்து வாங்கிக் கொடுத்ததும் இதே சபையின் பெண்கள் ஐக்கியம்தான். அப்போது யாரும் விசுவாசத்தை அளந்துகொண்டிருக்கவில்லை.

சபையில் இரண்டு தாதியர் இருக்கிறார்கள். உபவாச நாட்களில் அவர்களில் ஒருவர் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். குளுக்கோமீற்றரை நான் வாங்கித் தருகிறேன். மேசையில் சீனி இருக்கட்டும். வியர்த்து நடுங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்பக் குத்திப் பார்க்கவேண்டும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் கிடத்திவிட்டு 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு எடுக்கவேண்டும், அந்த அம்புலன்ஸ் இலவசம். துணி போர்த்துவது அதற்குப் பிறகு.

இதெல்லாம் உடனே முடியாவிட்டாலும் அறிவித்தல் மட்டுமாவது வேண்டும். உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதியிருக்கிறேன்:

"சுகர் மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் கிளினிக் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவேண்டாம். சபையில் யார் சொன்னாலும் மருந்தை நிறுத்தவேண்டாம். சாப்பிட்டுவிட்டு ஜெபிக்க வருபவர்களை யாரும் குறைவாக நினைக்கவேண்டாம்."

வீட்டில் மணிக்கூட்டை வைத்து வாசித்துப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வருகிற ஞாயிறு, மோட்டார் சைக்கிள் அறிவித்தலுக்கு முன்னாலோ பின்னாலோ, போதகர் ஐயாவே தன் வாயால் வாசிக்கும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டார், ஐயா சொன்னால் கேட்பார். அந்த ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கும் உபவாசத்துக்கு இப்போதே வெள்ளைச் சாரியை அயன் பண்ணித் தரச்சொல்லி எடுத்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
சபை அங்கத்தவர் ஒருத்தி
கல்லடி, மட்டக்களப்பு