தாண்டிக்குடி வழியா வா, மாப்ளே

மதுரை,
மார்கழி 5.

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. வலது கை ஆள்காட்டி விரலில் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை. அது எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன். நீ சிரிப்பாய், பரவாயில்லை.

தை மாதம் சைக்கிளோடு வருகிறேன், கொடைக்கானலுக்கு மிதித்தே ஏறிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "ரெண்டு பேருல யாருக்கு முதல்ல மூட்டு கழண்டு விழுதுன்னு பார்ப்போம்" என்றாள் உன் தங்கச்சி. அவளை விடு. நீ வா. ஆனால் தைப்பூசம் முடிந்த பிறகு வா. அதற்கு முன்னால் பழனி போகிற ரோடெல்லாம் பாதயாத்திரைக் கூட்டமாக இருக்கும். விடிவதற்கு முன்னால் பச்சை வேட்டியோடு ஓரத்தில் நடக்கிறவர்கள் நடுவே சைக்கிள் ஓட்டுவது பாவம், அவர்களுக்கும் நமக்கும்.

இன்னொன்று. எல்லாரும் போகிற காட்ரோடு வழி, அந்தப் பெரிய மலைரோடு, நமக்கு வேண்டாம். அந்த ரோட்டை நான் குறை சொல்லவில்லை. ஏற்றம் சீரானது, தார் நன்றாக இருக்கிறது, டம்டம் பாறையில் நின்றால் எதிர்மலையில் தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர் உயரம், நம் ஆட்கள் எலிவால் அருவி என்பார்கள். தூரத்தில் பார்க்க உண்மையிலேயே வால் மாதிரிதான் இருக்கும். ஆனால் சனி ஞாயிறில் அங்கே வேன், கார், பஸ் என்று ஒன்றன் வால் ஒன்று பிடித்துப் போகும். 2024 மே மாதத்திலிருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்திருக்கிறார்கள், அப்படியும் கூட்டம்தான். ஒவ்வொரு வளைவிலும் ஏர்ஹாரன் நம் முதுகிலேயே ஊதும்.

அதனால் இப்படிச் செய்வோம். நீ பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, சைக்கிளை லக்கேஜ் வேனில் போட்டு, மதுரை வரை வராமல் கொடைரோட்டில் இறங்கிவிடு. நான் முதல் நாளே அங்கே வந்து நிற்கிறேன். இருட்டு விலகும்போது கிளம்பினால் நிலக்கோட்டையில் பூ மார்க்கெட் சூடாக இருக்கும். அங்கே டீ. வத்தலக்குண்டில் இட்லி. சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர், ரெண்டு இட்லி கூடத் தின்னலாம். பிறகு பட்டிவீரன்பட்டி. உன் தி.நகர் பாண்டி பஜார் இருக்கிறதே, அது இந்த ஊர் சௌந்தரபாண்டியனார் பேரில் வந்தது. பாண்டிச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முப்பது வருஷமாக உன்னிடம் சொல்கிறேன். இப்போது நேரில் காட்டுகிறேன்.

அய்யம்பாளையம் தென்னந்தோப்பு தாண்டி, சித்தரேவு தாண்டியதும் மலை ஆரம்பம். பெரும்பாறை வரைக்கும் வேறு எதையும் யோசிக்காதே. ரோடு குறுகல், வளைவுகள் செங்குத்து, சில இடத்தில் நாம் இறங்கித் தள்ளுவோம், அதில் வெட்கமில்லை. சிறுமலையில் அந்த அட்லஸைத் தள்ளினோமே, நினைவிருக்கிறதா? பதினெட்டு கொண்டை ஊசியில் ஏழாவதிலேயே நீ உட்கார்ந்துவிட்டாய். அந்த வண்டியில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை சுற்று சுற்றும். அதை மேட்டில் மிதிப்பதும் மூட்டை தூக்குவதும் ஒன்று. இப்போது என் வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 30 பல், பின்னால் பெரியதுக்கு 34. பெடல் முழுச் சுற்று சுற்றினாலும் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. நடக்கிற வேகம்தான் வரும், ஆனால் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறலாம். உன் வண்டியில் பின்னால் பெரிய பல் எத்தனை என்று எண்ணி எழுது. 28க்குக் கீழே என்றால் கடையில் மாற்றிக்கொண்டு வா. நீ வாங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிற அந்த ஜெர்சியைவிட இது முக்கியம்.

பெரும்பாறைக்குப் பிறகு காற்று மாறும். காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, நடுநடுவே ஆரஞ்சு. தை என்றால் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். களத்தில் காயப்போட்டிருப்பார்கள். பழத்தோல் புளித்த வாடை ரோடு வரை வரும். முதலில் முகம் சுளிப்பாய், அரை மணி நேரத்தில் அது இல்லாவிட்டால் என்னமோ போல இருக்கும். இரவு தாண்டிக்குடி. முருகன் இங்கேயிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் "தாண்டிக்குதி", அதுவே ஊர்ப் பேர் ஆனதென்று கோயிலில் சொல்வார்கள். நம்பு, நம்பாதே. ஆனால் ஊரைச் சுற்றி இருக்கிற கற்திட்டைகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரும்பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய ஈமச்சின்னங்கள். இந்த ஏற்றத்தில் சைக்கிளைக் கொண்டுவரவே நமக்கு நாக்கு தள்ளுகிறது, அவர்கள் கல்லைத் தூக்கி அடுக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை, கொடைக்கானல். சாயங்காலம் நாலு மணிக்குள் ரூமுக்குப் போய்விட வேண்டும். இருட்டினால் காட்டுமாடு ரோட்டில் நிற்கும், நம் லைட்டுக்கெல்லாம் அது நகராது. ஏரியைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863ல் வெட்டியது. அதைச் சுற்றி வாடகை சைக்கிள் ஓட்டுகிற தேனிலவு ஜோடிகள் நம் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு நாள் பூம்பாறை போய்வரலாம், படிப்படியாகப் பூண்டு வயல். குறிஞ்சியைக் கேட்காதே. 2018ல் கூப்பிட்டேன், ஆடிட்டிங் என்றாய். இனி 2030தான்.

இப்போது கொப்புளக் கதை. கார்த்திகை கடைசியில் அக்கா மகனோடு ஒரு வெள்ளோட்டம் போனேன். ஏறியது தாண்டிக்குடி வழி, இறங்கியது காட்ரோடு. பெரியவன் என்று அவனுக்கு முன்னால் கெத்தாக இறங்க ஆசை, வேகத்துக்கோ பயம். ரெண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடியே வந்தேன். வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி வெகுதூரம் வந்தபிறகு கருகிய ரப்பர் வாடை அடித்தது. எவனோ லாரிக்காரன் என்று நினைத்தேன். வாடை என் வண்டியிலிருந்துதான். இரண்டு வளைவு தாண்டவில்லை, பின்டியூப் "டப்"பென்றது. நல்லவேளை மேட்டுப் பக்கம் சாய்ந்தேன், பள்ளத்துப் பக்கமில்லை. இறங்கி, என்னாச்சு என்று ரிம்மைத் தொட்டேன். தோசைக்கல். விரலை வாயில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் குழந்தை மாதிரி நின்றேன், அந்தப் பயல் போட்டோ எடுத்துவிட்டான்.

டியூபைக் கழற்றிப் பார்த்தால் புது ஓட்டை ஒன்றுமில்லை. போன வருஷம் போட்ட பஞ்சர் ஒட்டு, சூட்டில் சொல்யூஷன் இளகி, தோல் உரிகிற மாதிரி ஓரத்திலிருந்து பிரிந்திருந்தது. மாற்று டியூப் கொண்டுபோகவில்லை. பூண்டு மூட்டை ஏற்றி வந்த வேன்காரர் ஒருவர் நிறுத்தி, மூட்டைக்கு மேலே ரெண்டு சைக்கிளையும் கட்டி வத்தலக்குண்டில் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. ஹேண்டில்பாரில் இன்னும் பூண்டு மணக்கிறது.

ஏறுவதற்குத்தானே எல்லாரும் பயிற்சி எடுக்கிறோம், மாப்ளே. எனக்கு இறக்கத்துக்குத்தான் புத்தி வேண்டியிருந்தது. பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காதே. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடி, வேகம் குறைந்ததும் விட்டுவிடு, ரிம் காற்று வாங்கட்டும். முன்னால் பின்னால் மாற்றி மாற்றிப் பிடி. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று டீ குடி, உனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒட்டுப்போட்ட டியூப் எதுவும் வேண்டாம், புதுசு மாட்டு, கூட ரெண்டு வைத்துக்கொள். பிரேக் கட்டையும் புதுசு.

அதனால் நாம் இறங்கப்போவது பெருமாள்மலையிலிருந்து பழனிப் பக்கம். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம், வண்டி நடமாட்டம் அவ்வளவு இருக்காது, நிற்கவும் இடமுண்டு. பழனியில் சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு, சைக்கிளை ரயிலில் போட்டு மதுரை வந்துவிடலாம். மொத்தம் நாலு நாள், பூம்பாறையையும் சேர்த்து.

சாமான் குறை. உன் பழக்கம் எனக்குத் தெரியும், மூன்று பேண்ட் எடுத்து வருவாய். காலையில் வத்தலக்குண்டு வெயில், ராத்திரி கொடைக்கானல் குளிர், ரெண்டுக்கும் ஒரு ஸ்வெட்டரும் ஒரு மழைக்கோட்டும் போதும். கடலைமிட்டாய் நான் கொண்டுவருகிறேன். சுகர் மாத்திரையை மட்டும் மறக்காதே, போனதடவை திருப்பரங்குன்றத்தில் மருந்துக்கடை தேடி அலைந்தது போதும்.

தைப்பூசத்துக்கு அடுத்த வாரத்தில் எந்த ரயில் என்று டிக்கெட் போட்டதும் சொல்லு. உன் பின்சக்கரப் பல்லை எண்ணச் சொன்னேன், அதையும்.

அன்புடன்,
உன் மாப்ளே