பழைய சிஸ்டத்தை அணைக்காதீர்கள்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் ஐ.டி. பிரிவினருக்கும் வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு, நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் பழைய கணினி சிஸ்டத்தின் சர்வர் நிறுத்தப்படும், அதன்பின் யாருக்கும் அதில் லாகின் இருக்காது என்ற உங்கள் சுற்றறிக்கை எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. ‘புதிய மென்பொருளுக்கான மாற்றம் வெற்றிகரமாக நிறைவுற்றது’ என்பது அதன் முதல் வரி. இதய நோய் ஓ.பி. செவிலியர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் பிரிவில் அது இன்னும் நிறைவுறவில்லை. தயவுசெய்து பழைய சிஸ்டத்தை அணைக்காதீர்கள். புதிதாக எதையும் அதில் பதியப் போவதில்லை. பார்ப்பதற்கு மட்டும் திறந்து வைத்தால் போதும்.

மாற்றம் ஏன் வந்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. பழையதற்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் திரை அப்படியே உறைந்து நிற்கும். பில்லிங் கவுன்டரில் ஜனம் எங்களைத்தான் திட்டும். அது ஒழிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. அதற்குள் இருந்த விவரங்கள் என்ன ஆயின என்பதுதான் கேள்வி.

வால்வு மாற்று அறுவை செய்துகொண்டவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மைட்ரல் வால்வு என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், பக்கவாதம் வரும். கூடினால் எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் கசியும். மாத்திரையை மாற்றினால் அதன் முழு விளைவு தெரியச் சில நாள் ஆகும். அதனால் இன்றைய ஒரு எண்ணை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்ய எந்த மருத்துவரும் விரும்ப மாட்டார். போன மாதம் என்ன, அதற்கு முன் என்ன, எந்த அளவில் நிலையாக நின்றது என்று பார்ப்பார். பழைய சிஸ்டத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் ஒரே வரைபடமாக வந்துவிடும். புரட்டாசியில் கறியை விட்டுக் கீரைக்கு மாறுகிறவர்களுக்குக் கோடு இறங்குவதும், ஐப்பசியில் திரும்ப ஏறுவதும்கூட அதில் தெரியும். அதைக் காட்டித்தான் எத்தனையோ பேருக்குச் சாப்பாட்டைப் பற்றிப் புரிய வைத்திருக்கிறோம்.

புதிய சிஸ்டத்தில் அந்த வரைபடம் கோ-லைவ் நாளில், அதாவது அது பயன்பாட்டுக்கு வந்த நாளில்தான் பிறக்கிறது. அதற்கு முந்தைய முடிவுகளை எண்களாகக் கொண்டுவராமல் பி.டி.எஃப். ஆக்கி, ‘இதர ஆவணங்கள்’ என்ற இடத்தில் கொட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். கோப்பின் பெயரில் தேதி இருக்கிறது, ஆனால் அது பரிசோதனை செய்த தேதி அல்ல, இங்கே ஏற்றிய தேதி. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. வாசலில் நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது இதையெல்லாம் யார் திறந்து பார்ப்பார்கள் என்று நினைத்தீர்கள்?

இனி, இந்த மடலை எழுத வைத்த சம்பவம். வால்வு வைத்துப் பல வருடமாக எங்களிடம் வரும் ஒரு பெண்மணிக்கு வார்ஃபரின் ஒரு நாள் 3 மில்லிகிராம், மறுநாள் 2 மில்லிகிராம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது வழக்கம். இந்த மருந்துக்கு இது சர்வசாதாரணம். புதிய திரையில் ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று தேர்வு செய்ய வழியில்லை. இரண்டு மாத்திரைகளையும் இரண்டு வரியாகப் போட்டு, குறிப்புப் பெட்டியில் விளக்கம் எழுதும்படி பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியே செய்தோம். அந்தக் குறிப்பு மருந்தகத்தின் திரைக்குப் போவதில்லை என்பது அப்போது எங்களில் யாருக்கும் சொல்லப்படவில்லை. மருந்துக் கவரில் இரண்டுக்கும் ‘தினமும் இரவு 1’ என்று அச்சாகி வந்தது. அந்த அம்மா எழுதியிருந்தபடியே தினமும் 5 மில்லிகிராம் சாப்பிட்டிருக்கிறார். ஈறில் ரத்தம், தொடையில் கன்றிப்போன நீலத் திட்டு என்று வந்தபோது ஐ.என்.ஆர். 7ஐத் தாண்டியிருந்தது. அட்மிஷன் போட்டு, வார்ஃபரினை முறிக்கும் வைட்டமின் கே கொடுத்து, ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினோம். தலைக்குள் கசியாதது அவருடைய அதிர்ஷ்டம். “கவர்ல போட்டிருந்தபடிதானே சாப்பிட்டேன் சிஸ்டர், நான் எதுவும் தப்பா பண்ணலையே” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சம்பவ அறிக்கை கொடுத்தோம். ‘பயனாளர் பயிற்சிக் குறைபாடு’ என்று வகைப்படுத்தி மூடிவிட்டீர்கள். பயனாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை. மாத்திரை சாப்பிட்டவரையாக இருக்காது என்று நம்புகிறோம்.

பழைய வரைபடம் கண்முன் இருந்திருந்தால், இவருக்கு 5 மில்லிகிராம் எந்தக் காலத்திலும் கொடுக்கப்பட்டதில்லை என்று ஒரே பார்வையில் யாருக்காவது உறுத்தியிருக்கும். அதனால்தான் பழைய சிஸ்டத்தை அணைக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

பதிவு எண் விவகாரம் தனி. பழைய எண்ணைப் போட்டால் புதியதில் தேட முடிவதில்லை. பெயரைப் போட்டுத் தேடச் சொல்கிறீர்கள். ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ இரண்டும் கட்டாயம் என்று பெட்டி வைத்தவர் நம் ஊரில் ஒரு நாள்கூட ஓ.பி. சீட்டு எழுதியிருக்க மாட்டார். மு. செல்வி ஒரு வருகையில் ‘செல்வி மு’, அடுத்ததில் ‘செல்வி முருகன்’, கல்யாணத்துக்குப் பின் கணவர் இனிஷியலோடு வேறு ஒருவர். அவசரத்தில் கடைசிப் பெயருக்கு வெறும் புள்ளி வைத்த பதிவுகளும் உண்டு. பிறந்த தேதி தெரியாத முதியவர்கள் அத்தனை பேரும் ஜனவரி 1 அன்று பிறந்திருக்கிறார்கள். இப்படி ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கோப்புகள். ஒன்றில் ஒவ்வாமை விவரம் இருக்கிறது, மற்றதில் ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று தானாகவே விழுந்திருக்கிறது. விவரம் காலியாக இருந்தால் காலி என்றே காட்டட்டும்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் தங்கள் பழைய மருத்துவப் பதிவு மென்பொருளான விஸ்டாவை விட்டு செர்னர் நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறத் தொடங்கியபோது, 2020 அக்டோபரில் முதலில் மாறியது ஸ்போகேன் நகர மருத்துவமனை. மருத்துவர்கள் போட்ட ஆர்டர்கள் 11,000க்கு மேல், யார் கண்ணிலும் படாத ஒரு வரிசைக்குள் போய் விழுந்திருந்ததை 2022இல் அந்த முன்னாள் படைவீரர் துறையின் தணிக்கை அலுவலகமே வெளியிட்டது. நோயாளிகள் 149 பேருக்குப் பாதிப்பு நேர்ந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. 2023இல் அடுத்தடுத்த மருத்துவமனைகளுக்கு மாற்றுவதையே நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு பணமும் ஆளும் இருந்தும் நின்று யோசித்தார்கள். நம்மிடமோ ‘வெற்றிகரமாக நிறைவுற்றது’.

சட்டம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் திருத்தி வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள், ஒருவரின் பதிவை அவருடைய வாழ்நாளில் அழிக்கக் கூடாது என்கின்றன. அழிக்கவில்லை, ஹார்ட் டிஸ்கில் பேக்கப் இருக்கிறது என்பீர்கள். அந்த ஹார்ட் டிஸ்க் யார் பீரோவில் இருக்கிறது, இரவு பதினொரு மணிக்கு எமர்ஜென்சியில் ஒருவர் வந்து படுத்தால் அதை யார் எடுத்துத் தருவார்கள் என்பதையும் சுற்றறிக்கையில் சேர்த்திருக்கலாம்.

வாசலில் ‘பேப்பர்லெஸ் மருத்துவமனை’ என்று பேனர் கட்டி, கேக் வெட்டி, போட்டோ எடுத்தோம். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது, நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரமே வால்வு கிளினிக்குக்கு 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினோம், எங்கள் காசில். பெயர், பழைய எண், புதிய எண், கடைசி ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. இரவு டியூட்டி முடித்துக் கண் சொக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏ.சி. ஹாலில் ஸ்லைடு போட்டதற்குப் பெயர் பயிற்சி. மதமும் தொழிலும் நிரப்பாமல் அடுத்த பக்கம் நகராத திரைக்குப் பெயர் வேகம். நோயாளிகள் இப்போது எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, மானிட்டரின் முதுகைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஒப்பந்தம் போடும் முன் ஒரு செவிலியரையாவது கூப்பிட்டு வைத்து அந்தத் திரையைக் காட்டியிருந்தால்… சரி, கோபத்தில் எங்கோ போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவோடு கேட்பது இதுதான். சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். பழைய சிஸ்டம் பார்வைக்கு மட்டும் திறந்திருக்கட்டும். ஐ.என்.ஆர்., ஒவ்வாமை, தற்போதைய மருந்து அளவு, இந்த மூன்றும் எண்ணாகவும் எழுத்தாகவும் புதியதில் ஏறி, அந்தந்தப் பிரிவினர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வரையாவது அது இருக்க வேண்டும். பழைய நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பது தெரியும். ஒரு வார அட்மிஷன் செலவை நிர்வாகம் ஏற்றுக்கொள்ளவில்லை, அந்த அம்மாதான் கட்டினார் என்பதும் தெரியும்.

அதுவரை, மருந்தகத்தின் திரையில் குறிப்புப் பெட்டி தெரியும்படி செய்ய முடியுமா என்று புதிய நிறுவனத்திடம் இன்றே கேளுங்கள். இதற்கு எந்தக் கமிட்டியும் கூட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வால்வு கிளினிக். ஐ.டி. பிரிவிலிருந்து ஒருவர் வந்து எங்களோடு உட்கார்ந்தால், இரண்டு திரையையும் எங்கள் நோட்டையும் அருகருகே வைத்துக் காட்டுகிறோம். காலையில் நிற்கத்தான் இடமிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் நாற்காலி கிடைக்கும்.

இப்படிக்கு,
இதய நோய் ஓ.பி. செவிலியர்கள் சார்பில்,
ஒரு மூத்த செவிலியர்