கல்யாணம் ஆனதற்காக வேலையை விட்டு அனுப்பப்பட்ட ராணுவ சிஸ்டர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள்

மதிப்பிற்குரிய பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ராணுவத்தில் இருந்தவள் இல்லை. கேஷுவாலிட்டியில் முப்பது வருடம் நின்ற சாதாரண நர்ஸ். ரத்தம் காய்ந்து தோலோடு ஒட்டிப்போன சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுக்கும்போது நம் கை நடுங்கக் கூடாது. படுத்திருக்கும் பையன் காயத்தைப் பார்க்க மாட்டான், நம் முகத்தைத்தான் பார்ப்பான். ஒரு பஸ் விபத்துக்கே அப்படி. 1999இல் கார்கில் போரில் அடிபட்டவர்களை ஸ்ரீநகரில் ராணுவத்தின் 92 பேஸ் மருத்துவமனையில் வாங்கிக்கொண்ட சிஸ்டர்களை நினைத்தால் எனக்குப் பேச்சே வராது.

அந்த ராணுவச் செவிலியர் பணிக்கு 1977இல் நீங்கள் போட்ட விதி உங்களுக்குத் தெரியும். வேலையை விட்டு நீக்கக் காரணங்கள்: உடல் தகுதியின்மை, திருமணம், ஒழுங்கீனம். கல்யாணத்தை ஒழுங்கீனத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறீர்கள்.

லெப்டினன்ட் செலினா ஜான் 1988இல் ஓர் ராணுவ அதிகாரியை மணந்தார். செகந்திராபாத் ராணுவ மருத்துவமனையில் இருந்த அவரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அந்த விதி பெண்களுக்கு மட்டும்தான். விதியை 1995இல் விலக்கிக்கொண்டீர்கள், சரி. ஆனால் அவருக்கு நியாயம் கிடைத்தது 2024 பிப்ரவரியில். அதுவும் உச்ச நீதிமன்றம் அறுபது லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன பிறகு. முப்பத்தாறு வருடம்!

வழக்குப் போடத் தெம்பில்லாத மற்றவர்கள் எங்கே? யார் யார் போனார்கள் என்ற பதிவேடு உங்களிடம்தானே இருக்கிறது? அவர்களை நீங்களே தேடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1943இல், அவசரச் சட்டம் போட்டு ராணுவ நர்ஸ்களைப் படையின் அங்கமாக்கினார்கள். இன்றும் அதே சட்டம்தான். அப்படியிருந்தும், பஞ்சாப் அரசு வேலையில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பித்த ஒரு ராணுவ நர்ஸ், தானும் முன்னாள் படைவீரர்தான் என்று நிரூபிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். காயம்பட்டவனைத் தூக்கிய கைக்கு இந்த அலைச்சல் எதற்கு? செவிலியர் தினமான மே 12 அன்று நீங்கள் ஏற்றும் விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். 1977 முதல் 1995 வரை கல்யாணத்துக்காக அனுப்பப்பட்ட ஒவ்வொருவரையும் கண்டுபிடித்து, சேரவேண்டியதைக் கொடுங்கள். பலருக்கு எழுபது வயதை நெருங்கியிருக்கும். தயவுசெய்து கடிதம் இந்த வருடமே போகட்டும். உறைமேல் பெயருக்கு முன்னால் லெப்டினன்ட், கேப்டன் என்று அவர்கள் பதவியையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்