அம்மாவின் நட்சத்திரப் பிறந்தநாள்: எல்லாரும் கவனிக்க

அம்மாவுக்கு ஐப்பசி ரோகிணி. ஆங்கிலத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். நட்சத்திரம் 27 நாளுக்கொரு முறை திரும்புவதால், சில வருடம் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வரும். அப்போது நம் வீட்டில் இரண்டாவதுதான் கணக்கு. அன்றைக்கு எண்ணெய்க் குளியல் வழக்கமில்லை.

பாயசம், பத்துப் பேருக்கு: பாசிப்பருப்பு 200 கிராம், வெல்லம் 300 கிராம், பெரிய தேங்காய் ஒன்று. பருப்பை வாசம் வர வறுத்து, தண்ணீரில் நன்றாகக் குழையவிடுங்கள். அரைவேக்காட்டில் வெல்லம் போட்டால் அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு விறைப்பாகவே நிற்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், அடியில் மண் தங்கும். பிறகு இரண்டாம் பால் ஊற்றி ஒரு கொதி. முதல் பால் அடுப்பை அணைத்த பிறகுதான், கொதித்தால் திரிந்துவிடும்.

ஆரத்தி: மஞ்சள் நீரில் மிளகளவு சுண்ணாம்பு. உடனே சிவக்கும்.

தீபாவளிப் புடவையையே பிறந்தநாளுக்கும் நீட்டாதீர்கள், அம்மாவுக்குத் தெரிந்துவிடும்! சாயங்காலம் முட்டையில்லாத கேக். மெழுகுவத்தியை ஊதி அணைக்க அம்மா சம்மதிக்கமாட்டார். அது வேண்டாம், குத்துவிளக்கு ஏற்றிவிட்டு வெட்டலாம்.